பெத்ரோகிராதில் ஒருமுறை மட்டும் ஆடப்பட்ட நடனம்

1962 அக்டோபர் 9 அன்று மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் நியூயார்க் சிட்டி பாலே குழு தன் சோவியத் பயணத்தைத் தொடங்கியது. அன்று மாலை ஆடப்பட்டவை நான்கு குறும்பாலேக்கள்: ‘செரனேட்’, ‘இன்டர்ப்ளே’, ‘அகான்’, ‘வெஸ்டர்ன் சிம்பனி’. ‘இன்டர்ப்ளே’ ஜெரோம் ராபின்ஸ் அமைத்தது. மற்ற மூன்றும் குழுவை நடத்தி வந்த ஜார்ஜ் பாலன்சினுடையவை. ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் அவற்றில் சொல்லத்தக்க கதை எதுவும் அகப்படாது. இளவரசன் இல்லை, சாபம் இல்லை, புரட்சியும் இல்லை.

பாலன்சின் 1904இல் பீட்டர்ஸ்பர்கில் கியார்கி பலஞ்சிவாட்ஸே என்ற பெயரில் பிறந்தவர். தந்தை மெலிடோன் ஜார்ஜியாவின் முன்னோடி இசையமைப்பாளர். அரச நடனப் பள்ளியில் பயின்று, 1924 கோடையில் நாட்டை விட்டுப் போனார். பெயரைச் சுருக்கியவர் தியாகிலெவ். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் வந்திறங்கியவரை, செவ்வியல் பாலேவின் தாயகத்துக்கு நல்வரவு என்று வாழ்த்தினார்கள். அவர் அதை ஏற்கவில்லை. ருஷ்யா ரொமான்டிக் பாலேவின் தாயகம், செவ்வியல் பாலேவின் தாயகம் இப்போது அமெரிக்கா என்று திருத்தினார். பனிப்போரின் வாய்த்துடுக்கு என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு பழைய வழக்கின் குரல் கேட்கிறது.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ள 1923 மார்ச் 7ஆம் நாளின் பெத்ரோகிராதுக்குப் போக வேண்டும். ஃபியோதர் லொபுகோவ் என்ற நடன அமைப்பாளர் பீத்தோவனின் நான்காவது சிம்பனிக்கு ‘பிரபஞ்சத்தின் மகத்துவம்’ என்றொரு நடன சிம்பனியை அமைத்தார். பாத்திரங்கள் இல்லை, சம்பவங்கள் இல்லை. இசையின் கட்டமைப்பையே உடல்களின் கட்டமைப்பாக மாற்றும் முயற்சி அது. நம் மரபில் அபிநயம் நீங்கிய நிருத்தத்தை அறிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஏதும் இருக்காது. ஆனால் மாரியுஸ் பெட்டிபாவின் பிரம்மாண்டக் கதை பாலேக்களில் ஊறிய அரங்குக்கு அது எட்டவில்லை. ஒரே ஒரு மேடையேற்றத்தோடு அது முடிந்துபோயிற்று. ஆடிய இளைஞர்களுள் பத்தொன்பது வயது பலஞ்சிவாட்ஸேயும் இருந்தார், லியோனித் லவ்ரோவ்ஸ்கி என்பவரும் இருந்தார்.

பெட்டிபாவிடம் கதை ஒரு சாக்கு மட்டுமே, அவருடைய உண்மையான சாதனை பெருங்குழு நடனங்களின் தூய வடிவம் என்பது லொபுகோவின் வாசிப்பு. நியோகிளாசிகல் என்று பின்னாளில் பெயர் பெற்றதன் விதை இங்கே இருக்கிறது என்றே சொல்வேன். பலஞ்சிவாட்ஸே அதை எடுத்துக்கொண்டு வெளியேறினார். 1928இல் பாரிசில் ஸ்த்ராவின்ஸ்கியின் இசைக்கு ‘அப்போலோ’. 1934 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு பள்ளி. அந்தப் பள்ளியின் மாணவிகளுக்காகச் சாய்கோவ்ஸ்கியின் இசைக்கு அமைத்ததே ‘செரனேட்’. முதல் வகுப்புக்கு வந்தவர்கள் பதினேழு பெண்கள், ஆகவே தொடக்கக் காட்சியில் பதினேழு பேர். ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி தடுமாறி விழுந்தாள். இரண்டும் நடனத்துக்குள் சேர்ந்துவிட்டன. புதிதாக வந்திருந்த அமெரிக்கப் பெண்களைக் கொண்டு பீட்டர்ஸ்பர்கின் இலக்கணத்தை மீண்டும் எழுதினார் அவர்.

தங்கிவிட்டவர்களின் கதை வேறு. 1935இல் லொபுகோவ் ஷோஸ்டகோவிச்சின் இசைக்கு ‘தெளிந்த ஓடை’ என்னும் கூட்டுப்பண்ணை நகைச்சுவையை அமைத்தார். இம்முறை கதை இருந்தது, சோவியத் கதையேதான். அப்படியும் தப்பவில்லை. 1936 பிப்ரவரியில் பிராவ்தா அதைப் பொய்மை என்று சாடியது. லொபுகோவ் பதவி இழந்தார். கதையை உடன் எழுதிய அத்ரியான் பியோத்ரோவ்ஸ்கி 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இலக்கியப் படைப்புகளைத் தழுவிய நாடக பாலேக்களே பாதுகாப்பான வழியாயின. அவற்றுள் ஆகச் சிறந்த ஒன்று 1940இன் ‘ரோமியோ ஜூலியட்’. அமைத்தவர், 1923இல் கதையற்ற நடனத்தில் ஆடிய அதே லவ்ரோவ்ஸ்கி. (அது மோசமான படைப்பல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊலனோவா ஆடிய அந்த ஜூலியட்டுக்காகவேனும் நாடக பாலேவை மன்னித்துவிடலாம்.)

ஆகவே 1962இல் பல்ஷோய் பார்வையாளர்கள் பார்த்தது அன்னிய வரவை மட்டுமல்ல, தங்கள் வீட்டிலேயே இடையில் அறுந்த ஒன்றின் தொடர்ச்சியையும்தான். முதல் இரவின் வரவேற்பு அளவோடுதான் இருந்தது. வந்தவர்களில் அதிகாரிகள் மிகுதி. பன்னிரண்டு பேர், கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடைகளில், ஸ்த்ராவின்ஸ்கியின் முறுக்கேறிய இசைக்கு ஆடும் ‘அகான்’ சோசலிச யதார்த்தவாதத்தில் பழகிய கண்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று ஊகிக்கலாம். பின்னர் ஆறாயிரம் இருக்கைகள் கொண்ட கிரெம்ளின் காங்கிரஸ் மாளிகைக்குக் குழு மாறியது. அக்டோபர் 22 அன்று கென்னடி கியூபா ஏவுகணைகளைப் பற்றி அறிவித்தபோது நடனக் கலைஞர்கள் மாஸ்கோவில்தான் இருந்தார்கள். அணுஆயுதப் போர் வெடிக்கலாம் என்றிருந்த அந்த நாட்களிலும் நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. கூட்டம் பாலன்சினின் பெயரைச் சொல்லி முழங்கியது.

அவருக்கோ அந்தப் பயணம் வதையாக இருந்தது. மெலிந்துபோனார், நடுவில் ஒரு வாரம் நியூயார்க்குக்குத் திரும்பிப் போய் மீண்டும் வந்தார். தம்பி ஆந்திரேயும் இசையமைப்பாளர். நாற்பதாண்டுகளுக்கும் மேலான பிரிவு. தம்பி தன் இசையை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, அண்ணன் தலையைக் கைகளில் தாங்கியபடி ஒரு சொல்லும் பேசாது உட்கார்ந்திருந்ததை வாழ்க்கை வரலாற்றாசிரியர் பெர்னார்ட் டேப்பர் பதிவு செய்திருக்கிறார். பொய்யாகப் பாராட்டுவதற்கு அவரால் முடியவில்லை. ஒத்திகை அறையின் கறார்த்தன்மை குடும்பத்துக்குள்ளும் வந்துவிட்டது போலும்.

பாலன்சின் 1983இல் இறந்தார். அவர் வளர்ந்த மாரியின்ஸ்கி அரங்கில் — அப்போது கீரவ் என்று பெயர் — அவருடைய பாலேக்கள் முறையாக இடம்பெற 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தெளிந்த ஓடை’ புதிய நடன அமைப்போடு 2003இல் பல்ஷோய்க்குத் திரும்பியது. அமைத்தவர் அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி: லெனின்கிராதில் பிறந்து, கீவில் வளர்ந்து, அடுத்த ஆண்டே பல்ஷோய் பாலேவின் இயக்குநர் ஆனவர். 2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது மாஸ்கோவில் புதிய படைப்பொன்றின் ஒத்திகையில் இருந்தார். அன்றே புறப்பட்டுவிட்டார். பின்னர் பல்ஷோயில் அவருடைய பாலேக்கள் அவர் பெயரில்லாமல் ஆடப்பட்டன.

2023இல் அவர் பாலன்சினின் குழுவில் சேர்ந்தார். அங்கே 2024 பிப்ரவரியில் அரங்கேறிய முதல் படைப்பு ‘சாலிட்யூட்’. கார்கிவ் நகரப் பேருந்து நிறுத்தத்தில் குண்டுக்குப் பலியான மகனின் கையைப் பற்றி மண்டியிட்டிருந்த ஒரு தந்தையின் புகைப்படம் அதன் மூலம். மாலரின் சவ ஊர்வல இசை ஒலிக்க, சுற்றிலும் மற்றவர்கள் ஆடுகிறார்கள். தந்தையாக நிற்கும் நடனக் கலைஞர் அந்தப் பகுதி முடியும்வரை அசைவதில்லை.