உறைநிலை

பாலுக்கு உறை ஊற்றுகிறோம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. காயத்தில் இரத்தம் உறைகிறது. நெகிழ்ந்தது இறுகினால் தமிழில் எல்லாம் உறைதல்தான். அந்த வினையோடு 'நிலை' சேர்த்துப் பாடநூல்கள் ஆக்கிக்கொண்ட கலைச்சொல் உறைநிலை. நீரின் உறைநிலை 0 டிகிரி என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம்.

ஆனால் வெப்பமானியில் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் நம்பியது உருகும் பனியை. நியூட்டன் 1701-இல் வெளியிட்ட அளவில் சுழியம் அதுதான். ஃபாரன்ஹீட் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவைக்கு 32 என்று வைத்தார். 1742-இல் சுவீடனின் செல்சியசும் உருகும் பனியையே எடுத்துக்கொண்டார்; ஆனால் அதற்கு அவர் தந்த எண் 100, கொதிநீருக்கு 0! அவர் 1744-இல் இறந்த பிறகுதான் அளவு தலைகீழாகத் திரும்பி இன்றைய வடிவுக்கு வந்தது.

நீர் உறைவதை ஏன் நம்பவில்லை? ஃபாரன்ஹீட்டே 1721-இல் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குமிழில் மழைநீரை ஊற்றி, காற்றை நீக்கி, வாயை அடைத்து, கடுங்குளிரில் இரவு முழுக்க வெளியே வைத்தார். குளிர் 15 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுழியத்துக்கும் 9 டிகிரி கீழே. காலையில் பார்த்தால் நீர் நீராகவே இருந்தது. குமிழின் முனையை உடைத்ததுதான் தாமதம், உள்ளே சட்டென்று பனிக்கட்டி பரவியது.

உறைமோர் இல்லாமல் பால் தயிராகாதது போல, நீருக்கும் தொடங்கிவைக்க ஒன்று வேண்டும்: ஒரு தூசு, ஒரு பனித்துணுக்கு, சில வேளை ஒரு குலுக்கல். அது கிடைக்காத மேகத் துளிகள் சுழியத்துக்கு 30 டிகிரி கீழும் நீராகவே மிதக்கின்றன. பனிக்கட்டிக்கு இந்தத் தயக்கம் இல்லை. நீரில் கலந்து உருகும்வரை, வருகிற வெப்பமெல்லாம் உருக்கவே செலவாகும், வெப்பநிலை அசையாது.

1954-இல் நீரும் பனிக்கட்டியும் ஆவியும் கூடியிருக்கும் மும்மைப் புள்ளி, 273.16 கெல்வின், உருகும் பனியின் இடத்தில் வெப்பநிலைக்கு அடிப்படை அளவாயிற்று. 2019 மே 20 முதல் அந்த இடமும் போல்ட்ஸ்மன் மாறிலி என்னும் இயற்பியல் எண்ணுக்குப் போய்விட்டது. ஆய்வகத்தில் வெப்பமானியைச் சரிபார்க்க மட்டும் இன்றும் தூயநீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி, நீர் விட்டு, அதில் செருகுகிறார்கள். ஆகவே பாடநூல் எழுதுவோர் 0 டிகிரிக்கு எதிரே 'பனிக்கட்டியின் உருகுநிலை' என்பதை முதலில் எழுதட்டும். உறைநிலை அடுத்து வரட்டும்.