பழைய பியானோவும் ஆசாரியனின் மதிப்பீடும்

லேவியராகமத்தின் இறுதி அதிகாரத்தைப் பிரசங்கத்திற்கு எடுத்துக்கொள்வோர் மிகச் சிலரே. நேர்ந்துகொள்ளப்பட்ட மிருகத்தையும் வீட்டையும் நிலத்தையும் ஆசாரியன் நேரில் பார்த்து, அதன் தரத்தை அறிந்து விலை குறிக்க வேண்டும் என்பது அங்குக் காணும் ஒழுங்கு. நிலமாயின், யூபிலி வரை எஞ்சியுள்ள ஆண்டுகளை எண்ணி அதற்கேற்ப விலையைக் குறைத்தல் வேண்டும். கொடுத்தவனே மீட்க விரும்பினால் ஐந்திலொரு பங்கைக் கூட்டிச் செலுத்துதல் வேண்டும். பலிபீடத்தின் முன் நிற்பவனே விலையும் மதிப்பான் என்பது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஆலய நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் எந்த ஆயரும் இப்பொறுப்பினின்று தப்பியவரல்லர்.

தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய இடங்களிலுள்ள சபைகளின் தலைக்கு மேலேயே கொடைக்கானல் மலை நிற்கிறது. அம்மலையின் பழைய பங்களாக்களில் மேனாட்டார் விட்டுச்சென்ற இசைக்கருவிகள் கைமாறும்போது, அவற்றின் பெறுமதி என்ன என்னும் வினா கீழேயுள்ள சபைகளுக்கும் வந்து சேர்கிறது. உயர்தரப் பியானோ ஒன்றின் விலையை எவ்வாறு மதிப்பது என்பதை அக்கருவியின் வரலாற்றோடு சேர்த்தே ஆராய்வது நலம்.

1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர், வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் தப்பி வாழ ஓரிடம் நாடி, 1845இல் கொடைக்கானலில் தங்கள் முதல் இரு வீடுகளைக் கட்டினர். மலையேறும் வழி பெரியகுளத்திற்கு அருகிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்தே தொடங்கிற்று. 1875இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையம் வரை புகைவண்டியும், அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டியும் உதவின. அதற்கு மேல் குதிரையும் மனிதத் தோளும் தவிர வேறு வழியில்லை. வத்தலக்குண்டு வழியே வண்டிச்சாலை திறக்கப்பட்டது 1910களின் நடுப்பகுதியிலேயே. ஆகவே அதற்கு முன் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தை எட்டிய எந்தப் பெருங்கருவியும், அடிவாரத்துக் கூலியாட்களின் தோளிலேதான் ஏறியிருத்தல் வேண்டும். பெரிய பியானோ ஒன்று 300 முதல் 500 கிலோ எடையுடையது. கருவியின் உடைமையாளர் பெயர் குடும்ப ஏடுகளில் நிற்கும். சுமந்தவர் பெயர் நிற்பது அரிது. இக்கருவிகளின் விலையைப் பேசும்போது இவ்வுழைப்பும் நம் நினைவில் இருக்கட்டும், கணக்கில் அதற்கு இடமில்லையாயினும்.

அமெரிக்க மிஷனெரிமாருக்குப் பியானோவினும் நெருங்கிய கருவி, காலால் மிதித்து வாசிக்கும் ரீட் ஆர்கன் எனலாம். 1854இல் பாஸ்டனில் மேசன் அண்ட் ஹாம்ளின் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான ஹென்றி மேசன், நம் ஞானப்பாட்டுப் புத்தகங்களில் இன்றும் வழங்கும் பல மெட்டுகளை இயற்றிய லோவெல் மேசனின் மகன். மெட்டும் கருவியும் ஒரே குடும்பத்திலிருந்து நம்மிடம் வந்தன என்பதைப் பாடகர் குழுவினர் அறிந்திருப்பது அரிது.

பியானோவின் வரலாற்றில் 1853 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. நியூயார்க்கில் ஸ்டெயின்வே, பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்சிக்கில் புளூத்னர் ஆகிய மூன்று பட்டறைகளும் அவ்வோராண்டிலேயே தோன்றின. அதே ஆண்டில்தான் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முதன்மையாகக் கொண்ட கிறிஸ்தவ கீர்த்தனை நூலை அச்சிற்கு அளித்தார். மேனாட்டு இசை தன் உச்சக் கருவியைச் செதுக்கிக்கொண்டிருந்த வேளையில், மதுரைச் சீமையின் மிஷனெரி ஒருவர் நம் மக்கள் நம் இராகத்தில் பாடினாலன்றி வழிபாடு வேர்கொள்ளாது எனக் கண்டார். இவ்விரண்டில் நம் சபைகளுக்குப் பயன்பட்டது எது என்று நாம் வினவ வேண்டியதேயில்லை.

இனி விலைக்கு வருவோம். பெயரே விலை என்று கருதுவோர் பலர். பெயர் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இலண்டன் சான்றளிக்கும். 1901இல் அங்குத் திறக்கப்பட்ட பெக்ஸ்டைன் மண்டபத்தைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 1,00,000 பவுன் செலவாயிற்று. முதல் உலகப் போரின்போது பகைநாட்டுச் சொத்தென்று அது கையகப்படுத்தப்பட்டு, 1916இல் அங்கிருந்த பியானோக்களோடு சேர்த்து 56,500 பவுனுக்கு ஏலம்போயிற்று. மறு ஆண்டு விக்மோர் மண்டபம் என்னும் புதுப்பெயர் பெற்றது. அக்கருவிகளின் நாதத்தில் ஒரு நாளும் பழுது நேரவில்லை. மனிதரின் பகையே விலையை வீழ்த்திற்று. அதே போரில் லைப்சிக் மிஷனின் ஜெர்மானிய ஊழியர் தமிழகத்தை விட்டு அகல நேர்ந்ததை லுத்தரன் சகோதரர் நன்கறிவர்.

பெயரை ஒதுக்கிவிடவும் இயலாது. ஏனெனில் பியானோ வயலினைப் போன்றதன்று. நல்ல வயலின் நூறாண்டு கடந்தும் மதிப்பேறக் கூடும்; பியானோவோ பல்லாயிரம் உறுப்புகளைக் கொண்ட யந்திரம். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் அதன் வார்ப்பிரும்புச் சட்டத்தை ஏறத்தாழ 20 டன் விசையோடு இடைவிடாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. கம்பியும் சுத்தியும் சில பத்தாண்டுகளில் தேய்ந்தே தீரும். லேவியராகமத்து நிலத்தைப் போல, எஞ்சியுள்ள ஆண்டுகளே இதன் விலை. மலிவான கருவியைப் புதுப்பிக்கும் செலவு, புதுப்பித்தபின் அது பெறும் விலையை விஞ்சிவிடும். உயர்ந்த பட்டறையின் கருவியோ, சட்டமும் உடலும் உறுதியாயிருப்பின், செலவிட்ட பணத்தைத் தாங்கும். ஆகவே புதுப்பிக்கப்பட்ட நிலையில் பெறக்கூடிய விலையிலிருந்து பழுதுபார்க்கும் கூலியையும், கொண்டுவரும் செலவையும், எதிர்பாராத பழுதிற்கென ஒரு தொகையையும் கழித்தால் நிற்பதே நேர்மையான மதிப்பு. பல வேளைகளில் அது பூச்சியத்திற்கும் கீழே செல்லும்.

பார்க்க வேண்டியவை சில உள. மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்திலோ முறுக்காணிகளின் அருகிலோ வரிசை எண் காணப்படும். பெரிய நிறுவனங்களின் எண் அட்டவணைகள் வெளியாகியிருத்தலால், செய்த ஆண்டை அதனால் அறியலாம். ஸ்டெயின்வேயின் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்காமல் 483இலிருந்து தொடங்கின என்பது ஒரு வேடிக்கை. பின்பு ஒலிப்பலகையைக் கீழிருந்து விளக்கொளியில் நோக்க வேண்டும். அதில் தோன்றும் மெல்லிய வெடிப்பு மட்டும் பெருங்கேடன்று. பலகை தன் வளைவை இழந்து தட்டையாயிருந்தாலும், அடிச்சட்டங்கள் பிரிந்திருந்தாலும் நாதம் மீள்வது கடினம். வீணையின் குதிரையைப் போன்றே கம்பிகள் தங்கும் குதிரை இதிலும் உண்டு; அதில் ஆணிகளைச் சுற்றி விரிசல் இருத்தலாகாது. எல்லாவற்றிலும் முதன்மையானது முறுக்காணிகள் பதிந்த கட்டை. அது உலர்ந்து சுருங்கியிருந்தால் ஆணி பிடிக்காது. காலையில் கூட்டிய சுருதி மாலைவரை நில்லாது. சுத்திகளின் கம்பளத்தைப் பூச்சி அரித்திருப்பதும், கம்பிகளில் துரு ஏறியிருப்பதும் கண்ணுக்கே புலப்படும். மேற்பூச்சின் பளபளப்பில் மயங்குவோர் இவை ஒன்றையும் காண்பதில்லை.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. கொடைக்கானலின் மூடுபனியில் பல்லாண்டு நின்ற மரம் ஈரத்தை உண்டு பருத்திருக்கும். அதனைத் தேனிக்கோ கம்பத்திற்கோ இறக்கினால், கோடை வெயிலும் ஆடி மாதத்துக் காற்றும் அந்த ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். மலையில் நன்றாக ஒலித்த கருவி பள்ளத்தாக்கில் ஓராண்டிற்குள் பிளவுறக் கூடும். மேனாட்டுப் பட்டறைகள் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்கு மரமும் பித்தளைத் திருகாணியும் இட்டுச் சில கருவிகளைச் செய்தமைக்கு இதுவே காரணம். மேலும், பியானோவிற்குச் சுருதி கூட்டுவோர் நம் மாவட்டத்தில் கிடைப்பது அரிது. 1842இல் மிஸ்க்வித் என்பவரால் தொடங்கப்பெற்று மியூசி மியூசிகல் எனப் பின்னர் வழங்கும் கடையைக் கொண்ட சென்னை போன்ற நகரங்களையே நாட வேண்டும். அவ்வழிச் செலவு ஆண்டுதோறும் வரும்.

பழைய உயர்தரப் பியானோக்களின் கட்டைகளில் யானைத் தந்தம் ஒட்டியிருப்பதுண்டு. தந்தத் தகடு இரு துண்டுகளாக இருக்கும். நடுவே மெல்லிய இணைப்புக்கோடு தெரியும். அதனை ஒரு சிறப்பாக எடுத்துக்கூறி விலை உயர்த்துவோர் உளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1986இலும் 1991இலும் செய்யப்பட்ட திருத்தங்களால், இந்தியாவில் உள்நாட்டுத் தந்தமும் இறக்குமதித் தந்தமும் வணிகத்திற்கு விலக்கப்பட்டுள்ளன. மேகமலையில் யானைகள் உலவும் மாவட்டத்தில் ஊழியம் செய்வோர், வனத்துறையைக் கேளாமல் இத்தகைய கருவியை வாங்கவும் விற்கவும் முற்படுதல் தகாது.

பயன் குறித்தும் ஒரு சொல். கம்பம் பள்ளத்தாக்கின் கருவி ஆர்மோனியமே. அதுவும் அயல்நாட்டுக் கருவிதான்; பாரிஸில் தோன்றிக் கல்கத்தாவில் கைத்துருத்தி வடிவம் பெற்றது. கமகத்திற்கு இடந்தராது என்று கூறி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்தது. வானொலி விலக்கிய அக்கருவியையே பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் ஊர் ஊராய்க் கொண்டுசென்றார். அவருடன் சென்று வாசித்த இளவல் இளையராஜா, 1960களின் இறுதியில் சென்னையடைந்து தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேனாட்டு இசையிலக்கணமும் பயின்றார். ஆகையால் நம் மண்ணிற்குப் பியானோ ஒவ்வாதது என்று கூறிவிடவும் நாம் துணியோம். அதில் அமர்ந்து பயிலப் பிள்ளைகளும், கற்பிக்க ஒருவரும் இருப்பாராயின் கணக்கு மாறும். ஒருவரும் இல்லாத ஆலயத்தில் அது பூங்கொத்து வைக்கும் மேசையாகவே முடியும்.

எந்தப் பணத்தால் வாங்குகிறோம் என்பதும் கேட்கத்தக்கது. விடியுமுன் ஜீப்பேறிக் கேரள எல்லையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் பெண்களின் காணிக்கையே இப்பகுதிச் சபைகள் பலவற்றின் வருவாய். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எலுமிச்சம்பழம் ஒன்று நூற்றுக்கணக்கான ரூபாய்க்குப் போவதை நாம் அறிவோம். அங்கே விலை பழத்திற்கன்று, நன்றியறிதலுக்கு. ஆனால் அவ்வாறு சேர்ந்த பணத்தை நாம் செலவிடும்போதும் அதே தாராளத்தைக் காட்டுவது முறையன்று. அங்கே ஆசாரியனின் கண் வேண்டும்.

விற்கும் பக்கத்திலும் இது பொருந்தும். மிஷன் காலத்துக் கருவியைக் கொண்டிருக்கும் சபைகள், வியாபாரி வந்து விலை கூறுமுன்பே, அதன் பெயர், வரிசை எண், கட்டைகளின் பொருள், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, உட்புறத்தின் நிழற்படங்களையும் இணைத்து வைத்தல் வேண்டும். தொழில் அறிந்த ஒருவரை, வாங்குபவருக்கு உறவோ கூட்டோ இல்லாதவரை, கூலி கொடுத்து அழைத்துப் பார்க்கச் செய்து, அவர் எழுதித் தரும் மதிப்பீட்டை நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்தபின்னரே பேரத்திற்கு அமர்தல் வேண்டும்.