அல்க்மார்: தராசால் பெயர் பெற்ற ஊர்

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள பழைய சந்தை நகரம் அல்க்மார். 1254-ல் நகர உரிமை பெற்றது. 1573-ல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டபோது, மதகுகளைத் திறந்து சொந்த வயல்களிலேயே வெள்ளத்தைப் பாய்ச்சினார்கள். படை பின்வாங்கியது.

ஊரின் உயிர் சீஸ் சந்தை. 1582-ல் பழைய சிற்றாலயம் ஒன்று எடைக்கூடமாக மாற்றப்பட்டது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அங்கே ஒரே பொதுத் தராசு. அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை ஓதுவோருக்கு இதன் அருமை புரியும். 1593-ல் விதிமுறைகள் பெற்ற சுமைதூக்குவோர் சங்கம் இன்றும் இருக்கிறது. தாமதமாக வருபவரின் பெயரைப் பலகையில் எழுதிவிடுவார்கள்! விலை பேசுவது கையோடு கை தட்டித்தான்.

இன்றைய வெள்ளிக்கிழமைச் சந்தை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி. அங்கே சீஸ் வாங்கும் முஸ்லிம்கள், பாலை உறையவைக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.