பாசர் நாடகங்களும் ஆசிரியர் சிக்கலும்

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை உண்மையில் எழுதியவர் யார் என்னும் வினா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கில இலக்கிய உலகில் எழுப்பப்பட்டு வருகிறது. அந்நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆசிரியர் பெயர் தெளிவாகவே அச்சிடப்பட்டுள்ளது. ஐயுறுவோர் அப்பெயரை நீக்கி வேறொரு பெயரை அங்கு வைக்க முயல்கின்றனர். இந்திய நாடக வரலாற்றிலும் இதனையொத்த ஒரு சிக்கல் உண்டு. ஆயின் அதன் போக்கு இதற்கு நேர்மாறானது. ஆசிரியர் பெயரே இல்லாமல் கிடைத்த பதின்மூன்று வடமொழி நாடகங்களுக்கு ஆய்வாளர்கள் பாசர் என்னும் பெயரைச் சூட்டினர். அப்பெயர் அவற்றுக்குப் பொருந்துமா என்னும் விவாதம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் முடிவுறவில்லை. இவ்விவாதத்தில் முன்வைக்கப்பட்ட சான்றுகளின் வலிமையை மதிப்பிடுவதும், பதின்மூன்று நாடகங்களையும் ஒரே தீர்ப்புக்கு உட்படுத்தும் போக்கு ஏற்புடையதா என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சுவடிகள் கிடைத்த வரலாறு

காளிதாசர் தம் மாளவிகாக்கினிமித்திரத்தின் முன்னுரைப் பகுதியில் தமக்கு முற்பட்ட புகழ்மிக்க நாடக ஆசிரியருள் ஒருவராகப் பாசரைக் குறிப்பிடுகிறார். எனினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாசரின் நாடகம் ஒன்றேனும் அறிஞர் கைக்கு எட்டவில்லை. இந்நிலையில், திருவிதாங்கூர் அரசின் சார்பில் வடமொழிச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்து வந்த த. கணபதி சாஸ்திரி, 1909ஆம் ஆண்டளவில் பத்மநாபபுரத்திற்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓர் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார். அதில் பத்து நாடகங்கள் முழுமையாகவும் பதினோராவது நாடகத்தின் தொடக்கமும் இருந்தன. பின்னர்க் கிடைத்த சுவடிகளையும் சேர்த்து 13 நாடகங்களை 1912ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அவர் வெளியிட்டார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த பத்மநாபபுரம், 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியது என்பது ஈண்டு நினையத்தக்கது.

பாசரே ஆசிரியர் என்பதற்கான சான்றுகள்

இந்நாடகங்கள் எவற்றின் முன்னுரைப் பகுதியிலும் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. எனவே, கணபதி சாஸ்திரி புறச்சான்றுகளையும் நாடகங்களின் ஒப்புமைகளையும் துணைக்கொண்டார். அவருடைய வாதத்தை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவதாக, சொப்பனவாசவதத்தம் பாசருடையது என்பதற்கு இராசசேகரர் பெயரில் வழங்கும் ஒரு செய்யுள் சான்றாகிறது. பாசரின் நாடகங்களைத் திறனாய்வாளர் நெருப்பிலிட்டுச் சோதித்தபோது சொப்பனவாசவதத்தம் மட்டும் எரியாது நின்றது என்பது அச்செய்யுளின் கருத்து. கிடைத்த சுவடிகளில் அப்பெயருடைய நாடகம் ஒன்று இருந்தது. இரண்டாவதாக, பாசரின் நாடகங்கள் சூத்திரதாரரைக் கொண்டு தொடங்குபவை என 7ஆம் நூற்றாண்டினரான பாணர் அர்ஷசரிதத்தில் கூறுகிறார். காளிதாசர் முதலியோரின் நாடகங்கள் பொதுவாக வாழ்த்துச் செய்யுளுடன் தொடங்க, இந்நாடகங்களிலோ சூத்திரதாரர் நுழைகிறார் என்னும் மேடைக்குறிப்பே முதலில் நிற்கிறது. மூன்றாவதாக, பதின்மூன்று நாடகங்களும் தம்முள் ஒத்திருக்கின்றன. முன்னுரைப் பகுதி ‘பிரஸ்தாவனை’ எனப்படாது பெரும்பாலும் ‘ஸ்தாபனை’ எனப்படுகிறது. தொடர்களும் சிறு பாத்திரங்களின் பெயர்களும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஊருபங்கத்தில் துரியோதனன் மேடையிலேயே உயிர் துறப்பது போன்ற, நாட்டிய சாஸ்திர விதிகளுக்கு மாறான காட்சிகளும் உள்ளன. ஒன்று பாசருடையதாயின் அனைத்தும் அவருடையனவே என்பது கணபதி சாஸ்திரியின் முடிபு. ஏ. பி. கீத், எப். டபிள்யூ. தாமஸ் முதலிய மேலை அறிஞர்கள் இதனை ஏற்றனர். ஏ. டி. புசல்கர் 1940இல் வெளியிட்ட விரிவான ஆய்வும் இதற்கு அரண் செய்தது.

மறுப்பாளர் கருத்துகள்

இம்மூன்று படிகளும் ஒரே வலிமை உடையன அல்ல. 1917இல் கணபதி சாஸ்திரியே பதிப்பித்த மகேந்திரவர்ம பல்லவரின் மத்தவிலாசப் பிரகசனம் இரண்டாம் சான்றைப் பெரிதும் தளர்த்தியது. அதிலும் சூத்திரதாரர் நுழைவே முதலில் நிற்கிறது; முன்னுரைப் பகுதி ‘ஸ்தாபனை’ என்றே வழங்கப்படுகிறது. எனவே, இவ்வமைப்பு பாசர் ஒருவருக்கே உரிய முத்திரையாகாது. தென்னாட்டு நாடக மரபுக்கும் சுவடி மரபுக்கும் பொதுவானதாகவே இருத்தல் கூடும்.

எல். டி. பார்னெட் இந்த ஒப்புமையை அடிப்படையாகக் கொண்டு, இந்நாடகங்கள் 7ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அவையைச் சார்ந்த ஒருவரால் இயற்றப்பட்டிருக்கலாம் எனக் கருதினார். பல நாடகங்களின் இறுதி வாழ்த்தில் வரும் ‘ராஜசிம்ம’ என்னும் சொல்லை அவர் பாண்டிய மன்னனின் பெயராகக் கொண்டார். 1993இல் ஹெர்மன் டீக்கன் இந்நாடகங்களைப் பல்லவர் அவையோடு, குறிப்பாக இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மனோடு தொடர்புபடுத்தினார். ஆயினும், அச்சொல் ‘அரசருள் சிங்கம் போன்றவன்’ என்னும் பொதுப்பொருளையும் தரும். ஆகவே, அதனை மட்டும் கொண்டு காலத்தையோ அரசனையோ உறுதிசெய்தல் இயலாது. பாசர் சார்பினர் சூத்திரதாரர் நுழைவின்மீது மிகுதியான பாரத்தை ஏற்றியது போலவே, மறுப்பாளர் இச்சொல்லின்மீது ஏற்றினர் எனலாம்.

மேற்கோள்கள் உணர்த்தும் செய்தி

சொப்பனவாசவதத்தத்தைப் பொறுத்தவரை மேற்கோள்களே முதன்மையான சான்றுகளாகும். வாமனர் தம் அணியிலக்கண நூலில் ஆசிரியர் பெயரின்றி எடுத்தாளும் ஒரு செய்யுள் இந்நாடகத்தின் நான்காம் அங்கத்தில் உள்ளது. ஆனால், அபிநவகுப்தர் இந்நாடகத்தினது எனக் காட்டும் ஒரு செய்யுள் அச்சுப் பதிப்பில் இல்லை. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நாட்டியதர்ப்பணம் பாசருடையது என்றே சுட்டும் மற்றொரு செய்யுளும் அவ்வாறே காணப்படவில்லை. பவளமல்லிப் பூக்கள் மிதிபட்டுக் கிடப்பதையும் கல்லிருக்கையின் வெம்மையையும் கண்ட உதயணன், சற்றுமுன் யாரோ அங்கிருந்து எழுந்து சென்றதை உய்த்துணர்வதாக அச்செய்யுள் அமைந்துள்ளது.

செய்யுள் இல்லை என்பதால் நாடகமே வேறு என்றனர் மறுப்பாளர். ஆயின், நான்காம் அங்கத்தில் பவளமல்லியும் கல்லிருக்கையும் உள்ளன. பதுமாவதியும் வாசவதத்தையும் அங்கிருந்து அகன்ற பின்னரே உதயணன் வருகிறான். செய்யுளுக்குரிய இடம் அப்படியே இருக்க, செய்யுள் மட்டும் காணாமற் போயிருக்கிறது. எனவே, நம் கையிலுள்ளது பாசரின் நாடகமே என்றும், அது மேடை வழக்கில் சுருக்கமும் மாற்றமும் பெற்ற வடிவம் என்றும் கொள்வது இரு தரப்புச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது.

கூடியாட்ட மரபின் பங்கு

இம்மாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடிய களம் கேரளத்தின் கூடியாட்ட மரபாகும். சாக்கியார்கள் ஒரு நாடகத்தை முழுமையாக ஆடுவதைவிடத் தனி அங்கங்களை விரித்து ஆடுவதே பெருவழக்கு. பிரதிஞ்ஞா யௌகந்தராயணத்தின் மூன்றாம் அங்கம் ‘மந்திராங்கம்’ என்றும், அபிஷேக நாடகத்தின் மூன்றாம் அங்கம் ‘தோரணயுத்தம்’ என்றும் தனிப்பெயர் பெற்று ஆடப்படுகின்றன. இத்தகைய ஆடல் வழக்கில் அங்கத்தின் பெயரே முதன்மை பெறும். ஆசிரியர் பெயர் பின்னுக்குத் தள்ளப்படும். இந்நாடகங்கள் சாக்கியார்களின் தொகுப்புகளும் தழுவல்களுமே என வாதிட்ட கேரள அறிஞர்களும் உளர். நான்கு அங்கங்களுடன் நின்றுவிடும் சாருதத்தம், சூத்திரகரின் பத்து அங்கங்களையுடைய மிருச்சகடிகத்தின் முற்பகுதியோடு நெருங்கி ஒத்திருப்பதும் இவ்வகையில் ஆராயத்தக்கது. அது மூலமா, சுருக்கமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தமிழ் மரபுடன் ஓர் ஒப்பீடு

பெயர் இழந்த படைப்பை எவ்வாறு வழங்குவது என்னும் சிக்கலைத் தமிழ்த் தொகுப்பாளரும் எதிர்கொண்டனர். குறுந்தொகையில் புலவர் பெயர் அறியப்படாத இடங்களில் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் எனப் பாடலின் தொடரிலிருந்தே பெயர்கள் உருவாயின. அப்பாடல்களைக் கபிலர் பெயரிலோ பரணர் பெயரிலோ ஏற்றும் வழி அங்குப் பின்பற்றப்படவில்லை. மறுபுறம், ஔவையார் என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு காலத்து நூல்கள் அடங்கிவிட்டதையும் நாம் அறிவோம். முன்னது அறியாமையைப் பெயரிலேயே பதிவு செய்கிறது. பின்னது புகழ்பெற்ற ஒரு பெயரால் வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. பதின்மூன்று நாடகங்களையும் பாசருக்கே உரிமையாக்குவது இவ்விரண்டனுள் பின்னதை ஒத்ததாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சொப்பனவாசவதத்தத்தைப் பாசருடன் இணைக்கும் சான்று வலுவானது என்பதும், அச்சான்றின் வலிமையை ஏனைய பன்னிரண்டு நாடகங்களுக்கும் அப்படியே விரிக்க இயலாது என்பதும் பெறப்படும். ஒப்புமைகள் ஒரே ஆசிரியரைக் காட்டலாம். ஒரே நடிகர் மரபின் கைவண்ணத்தையும் காட்டலாம். ஆகவே, ஒவ்வொரு நாடகத்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் ‘பாசர் எழுதிய பதின்மூன்று நாடகங்கள்’ என்று அறுதியிட்டுக் கூறுவதைவிடப் ‘பாசர் பெயரில் வழங்கும் நாடகங்கள்’ எனக் குறிப்பிடுவதே சாலச் சிறந்தது. அவ்வாறு கூறுவதால் கர்ணபாரத்தின் உருக்கமோ ஊருபங்கத்தின் துயரமோ குறைந்துவிடப் போவதில்லை. இவற்றைத் தலைமுறை தலைமுறையாக மேடையில் காத்துத் தந்த பெயரறியா நடிகர்களுக்கும் இலக்கிய வரலாற்றில் உரிய இடம் கிடைக்க அது வழிவகுக்கும்.