கணவரின் இதயம், மனைவியின் இதயம்!

1964-ம் வருடம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு. நடத்தியது அமெரிக்க இதயச் சங்கம். ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டார்கள். அங்கே நடந்த பாடம் என்ன தெரியுமா? கணவரின் இதயத்தைக் காப்பாற்றுவது எப்படி!

சரி, வந்திருந்த பெண்களின் இதயம்? அதைப் பற்றி மூச்!

'ஹார்ட் அட்டாக்கா... அது ஆம்பளைங்க சமாசாரம்' என்று டாக்டர்களே நம்பிய காலம். இத்தனைக்கும், அதே அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-லேயே ஓர் ஆய்வு ஆரம்பித்திருந்தது. முப்பது வயதைத் தாண்டிய 5,209 பேர். பாதிக்கு மேல் பெண்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என எல்லாவற்றையும் சோதித்து எழுதி வைத்தார்கள்.

1970-களில் ஒரு கணக்கு வெளியானது. 2,873 பெண்களை 24 வருடங்கள் கவனித்ததில், மாதவிலக்கு நிற்பதற்கு முன்பு ஒருவருக்குக்கூட மாரடைப்பு வரவில்லை. நின்றவர்களுக்கோ, அதே வயதுக்காரர்களைவிட இதயநோய் அதிகம்!

'ஈஸ்ட்ரோஜன்தான் கவசம். தீர்ந்துபோனால் மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் போச்சு' என்று கிளம்பினார்கள். லட்சக்கணக்கான பெண்கள் விழுங்கினார்கள். மாரடைப்பு குறைந்ததா? ஊஹூம். 16,608 பெண்களை வைத்து நடந்த மாபெரும் சோதனையை 2002-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு ஹார்மோன்கள் கலந்த அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. மாரடைப்பும்தான்!

'அப்போ நாற்பத்தைந்து வரை கவலையில்லை' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சர்க்கரை நோய் வந்துவிட்டால், ஆண்களைவிடப் பெண்களுக்கு இருக்கும் அந்தச் சலுகை பெருமளவு காலி. இதையும் 1979-ல் சொன்னது ஃபிராமிங்ஹாம்தான்.

இன்னொரு உண்மை வெளிச்சத்துக்கு வர ரொம்ப வருஷம் ஆனது. கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பிரசவத்தோடு போய்விட்டதாக நினைக்கிறோம். ஆனால், பிற்கால இதயநோய்க்கு அவை முன்னெச்சரிக்கை என்று 2011-ல் அமெரிக்க இதயச் சங்கமே தன் பட்டியலில் சேர்த்தது. ஆமாம், அன்றைக்குக் கணவர்களுக்காக மாநாடு போட்ட அதே சங்கம்!

ஆக, இருபதுகளில் பிரசவ காலம், ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும் காலம், அப்புறம் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து மிரட்டும் அறுபதுகள். ஒவ்வொரு வயதிலும் பெண்ணின் இதயத்துக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது.

பரணில் கிடக்கும் அந்தப் பழைய பிரசவ ஃபைலை எடுத்துப் பாருங்கள். அப்போது பிரஷரோ சர்க்கரையோ இருந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கணவர்களே, ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை உங்களுடையது!