நிரலறியா வணிகரும் இணையக் கடையும்

இணையத்திற் கடை வைப்பதற்குச் செய்நிரல் எழுதும் அறிவு வேண்டியதில்லை என்னும் நிலை எவ்வாறு தோன்றியது என ஆராயுமிடத்து, அது வணிகர் கேட்டுப் பெற்றதொன்றன்று என்பது புலனாகின்றது. 1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் போல் கிரஹாம், றொபேட் மொறிஸ் ஆகிய இருவரும் ஓவியக்கூடங்களை இணையத்திலேற்ற முயன்றனர். ஓவியக்கூடத்தார் அதனை விரும்பவில்லை. அம்முயற்சி தோல்வியுற்ற பின்னரே அவர்கள் கடைகளின் பக்கம் திரும்பினர்.

அக்காலத்தில் மென்பொருள் என்பது வாங்குபவரின் கணனியில் நிறுவப்படுவதாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. விண்டோஸ் கணனிகளுக்கான மென்பொருள் எழுத இவ்விருவரும் அறியார், கற்கவும் விரும்பிலர். ஆகவே தமது மென்பொருளைச் சேவையகக் கணனியிலேயே இயங்கவிட்டு, வணிகர் தம் உலாவியில் இணைப்புகளை அழுத்தியே கடையை அமைக்குமாறு செய்தனர். சோம்பலும் வரலாற்றுக் காரணிகளுள் ஒன்றாதல் கூடும் போலும்! 'வயாவெப்' எனப் பெயர்பெற்ற இதன் கடையமைக்கும் பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. வணிகர் அம்மொழியின் பெயரைத்தானும் அறிந்திருக்க வேண்டியதில்லை. பிழையொன்று திருத்தப்படின் அத்திருத்தம் எல்லாக் கடைகளுக்கும் உடனே கிட்டிற்று. இத்துணை எளிதாயிருந்தும் தொடக்கத்தில் வணிகர் தாமாக வரவில்லை; நிறுவனத்தாரே சிலருக்குக் கடை கட்டிக்கொடுக்க நேர்ந்தது.

எனினும், நிரலறிவின் தேவை நீங்கியமையை மாத்திரம் வியந்து எழுதுவோர் பிறிதொன்றைக் காணத் தவறுகின்றனர். வணிகர் அம்மென்பொருளை விலைக்கு வாங்கவில்லை. சிறு கடைக்கு மாதம் 100 டொலர் வாடகை செலுத்தினர். கடை பிறர் கணனியிற் குடியிருக்கலாயிற்று. 1998 ஜூனில் யாகூ நிறுவனம் ஏறக்குறைய 49 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வயாவெப்பை வாங்கி, அதற்கு 'யாகூ ஸ்டோர்' எனப் பெயரிட்டது. வீட்டுக்காரர் மாறினார், குடியிருந்தோர் அம்பேரத்திற் பங்குகொண்டவரல்லர்.

சொந்தக் கடைக்கு வழியே இல்லாதிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தொடங்கப்பட்ட ஓஎஸ்கொமர்ஸ் இலவசமாகக் கிடைத்தது. ஆயின் அதனை நிறுவிப் பேணுதற்குக் கணனியறிவு வேண்டியிருந்தது. 2004இல் கனடாவின் ஒட்டாவாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கப் புகுந்த டோபியாஸ் லூட்கே, கிடைத்த கடை மென்பொருள்களில் மனநிறைவு கொள்ளாது தாமே நிரலெழுதித் தம் கடையை அமைத்தார். நிரலாளராதலின் அவருக்கு அது இயன்றது. 2006இல் அம்மென்பொருளே 'ஷொப்பிஃபை' என்னும் பெயரில், நிரலறியாத பிற வணிகருக்குக் கிடைக்கலாயிற்று.