மனைவி என்னும் சொல்: தென்னாப்பிரிக்கக் குடியேற்றச் சட்டமும் தமிழ்ப் பெண்களும்

தொல்காப்பியர் கற்பியலின் தொடக்கத்திலேயே கரணத்தை இலக்கணப்படுத்துகிறார். கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வதே கற்பு எனக் கூறியவர், உடன்போக்கில் கொடுப்பவர் எவரும் இல்லாவிடினும் கரணம் உண்டு என அடுத்து உரைக்கிறார். உலகில் பொய்ம்மையும் பிழையும் புகுந்த பின்னரே சான்றோர் இச்சடங்கை வகுத்தனர் என்பதும் அவர் தரும் செய்தியாகும். ஒரு பெண் ஒருவனுக்கு மனைவி ஆவது எப்போது, அதற்குச் சான்று எது, அச்சான்றை ஏற்கவும் மறுக்கவும் உரியவர் யாவர் என்னும் வினாக்கள் இந்நூற்பாக்களுள் அடங்கிக் கிடக்கின்றன.

இதே வினாக்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கக் குடியேற்ற அதிகாரிகளும் எழுப்பினர். அங்கே விடை பொருந்தாவிடின், கணவன் கரையில் நிற்க மனைவி வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியிருந்தது. அவ்வரலாற்றில் தமிழ்ப் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் தில்லையாடி வள்ளியம்மையின் தியாகமும் மூன்று பவுன் தலைவரியும் பேசப்படும் அளவுக்குத் திருமண உரிமை பற்றிய இப்பகுதி தமிழில் பேசப்படவில்லை.

துறைமுகத்தில் கேட்கப்பட்ட சான்று

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அவர்கள். ஒப்பந்தம் முடிந்தோர் பலர் அங்கேயே தங்கினர். வணிகர் பலர் தம் செலவில் சென்று சேர்ந்தனர். கூலிகளாக இந்தியர் வருவதை விரும்பிய நேட்டால் அரசு, குடிகளாக அவர்கள் வேர்கொள்வதை விரும்பவில்லை. 1897ஆம் ஆண்டுக் குடியேற்றத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுத அறியாதவரை உள்ளே விட மறுத்தது. முன்னரே அங்கு வாழ்ந்தவர்க்கும் அவர்தம் மனைவியர்க்கும் இளம் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது.

ஆகவே, ஊருக்குச் சென்று மணந்து திரும்பியவனின் மனைவி இரண்டு செய்திகளை மெய்ப்பிக்க வேண்டியவளானாள். தன் கணவன் அந்நாட்டில் வாழும் உரிமை பெற்றவன் என்பது ஒன்று; தான் அவனுடைய மனைவி என்பது மற்றொன்று. தாலி, ஊரார் கூடிய பந்தல், உற்றார் சாட்சி ஆகியவையே நம் நாட்டுத் திருமணத்தின் ஆவணங்கள். அதிகாரி கேட்டதோ முத்திரையிட்ட தாள். முடிவு தெரியும்வரை காத்திருப்பும், அம்முடிவு அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தது என்ற அச்சமும் பெண்ணுக்கே உரியவாயின.

கணவன் உள்நாட்டிலேயே இருந்தும் மனைவி குற்றவாளி ஆன நிகழ்ச்சியும் உண்டு. சத்தியாக்கிரகி ஆர். எம். சோதா சிறையிலிருந்த காலத்தில், 1910 நவம்பரில், அவர் மனைவி ரம்பாபாய் குழந்தைகளுடன் டிரான்ஸ்வால் எல்லைக்குள் வந்தார். தடை செய்யப்பட்ட குடியேறி என அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, அபராதமும் ஒரு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன.

1913 மார்ச் 14

இந்நிலையில், கேப் உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அம்மாகாணத்தில் வாழும் உரிமை பெற்றிருந்த ஹசன் ஈசப் என்பவர், இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த மரியம் என்னும் பெண்ணை அழைத்து வந்தார். குடியேற்ற அதிகாரி அப்பெண்ணை உள்ளே விட மறுத்தார். 1913 மார்ச் 14ஆம் நாள் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒருவன் பல மனைவியரை மணக்க இடந்தரும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் திருமணமாகக் கொள்ளாது; ஆதலின் மரியம் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லர் என்பது தீர்ப்பின் சாரம்.

வழக்கு ஒரு பெண்ணைப் பற்றியது; ஆனால் அதன் நிழல் அந்நாட்டு இந்தியப் பெண்கள் எல்லார்மீதும் படிந்தது. ஈசப்புக்கு வேறு மனைவி உண்டா இல்லையா என்பது இங்குப் பொருட்டன்று. அவர் சமயம் அதற்கு இடந்தருகிறதா என்பதே வினா. இந்துச் சமயமும் அன்று அதற்கு இடந்தந்தது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இலும், இந்திய அளவில் 1955இலுமே வந்தன. ஆகவே, ஒருத்தியையே மணந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவனின் மனைவியும் மனைவி அல்லள் என்றாகக்கூடும். தாயைப் பார்க்க ஊருக்குச் சென்றவள் மீண்டும் தன் வீட்டு வாயிலை மிதிக்க இயலுமா என்பது ஐயமாயிற்று.

பலதார மணம் பெண்ணுக்கு இழைக்கும் தீங்கை மறுப்பதற்கில்லை. எனினும் அத்தீங்கைக் களைவதற்கு அத்தீர்ப்பு வழிசெய்யவில்லை. ஆண் அந்நாட்டில் வாழும் உரிமை அப்படியே இருந்தது. பெண்ணின் உரிமையே பறிபோயிற்று.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்க ஒன்றியம் இயற்றிய 22ஆம் எண் குடியேற்ற ஒழுங்குச் சட்டம் ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் எச்சமய முறைப்படி நடந்த திருமணமும் ஏற்கப்படும் என்று அச்சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஆனால் அத்திருமணம் ஒருதார மணமாக இருத்தல் வேண்டும் என்னும் சொல்லும் உடன் சேர்ந்தது. திருத்தம் கொடுத்ததை அச்சொல் திரும்ப எடுத்துக்கொண்டது.

பதினொருவர்

டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் 1913 மே மாதத்தில் அரசுக்குத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. குறை தீராவிடின் பெண்கள் சிறை செல்வர் என்றும் அறிவித்தது. செப்டம்பரில், கஸ்தூர்பா உள்ளிட்ட பீனிக்ஸ் குடியிருப்பினர் பதினாறு பேர் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மற்றொரு குழு புறப்பட்டது. அதில் பெண்கள் பதினொருவர். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர். ஆறு பேர் கைக்குழந்தைகளுடன் வந்தனர், ஒருவர் கருவுற்றிருந்தார். உரிமமின்றிக் கூவி விற்றும் அவர்களை எவரும் கைது செய்யவில்லை. பின்னர் அனுமதியின்றி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சென்றனர். மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு தமிழிலேயே பேசினர். அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. அப்போதுதான் அரசு அப்பெண்களைக் கைது செய்து மூன்று மாதக் கடுங்காவலில் வைத்தது.

நவம்பர் 6ஆம் நாள் ஆடவர் 2037 பேரும் பெண்டிர் 127 பேரும் குழந்தைகள் 57 பேரும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். எல்லையைக் கடந்த ஒவ்வோர் அடியும் குடியேற்றச் சட்டத்தை மீறிய அடியாகும். பின்னர்ச் சிறை சென்ற பதினாறு வயது வள்ளியம்மை, காய்ச்சலோடு விடுதலையாகி 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தாள். மணமாகாத அச்சிறுமிக்கு, மனைவி என்னும் உரிமையால் அடையத்தக்கது எதுவும் அன்று இல்லை.

அப்பதினொரு பெண்களின் பட்டியலைக் காந்தியடிகள் தம் நூலில் தந்துள்ளார். அதில் ஒன்பதின்மர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு என்றவாறு கணவர் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். சொந்தப் பெயரோடு இடம்பெறுவோர் மணமாகாத இருவரே. பாண்டியன் அவையில் கண்ணகி தான் கோவலன் மனைவி என்று கூறியதோடு நிற்கவில்லை; தன் பெயரையும் கூறினாள். சட்டம் மனைவியர் அல்லர் என்று சொன்ன பெண்களை, வரலாறு மனைவியராக மட்டுமே எழுதி வைத்தது.

சட்டம் தந்ததும் தராததும்

ஜெனரல் ஸ்மட்சுக்கும் காந்தியடிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக 1914இல் இந்தியர் குறைதீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. விந்தையாக அதற்கும் எண் 22. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரு மனைவியும், பதினாறு வயதுக்குட்பட்ட அவள் பிள்ளைகளும் உள்ளே வரலாம் என்றாயிற்று. ஒருதாரமாக வாழும் இணையர் தம் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளவும் வழி பிறந்தது.

அவ்வெற்றி முழுமையானதன்று. பதிவு செய்யாத சமயத் திருமணங்கள் சட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. 1953ஆம் ஆண்டில் இனவொதுக்கல் அரசு கொண்டுவந்த திருத்தம், இந்தியாவிலிருந்து மனைவியர் வரும் வாயிலையே அடைத்தது. இந்து முறைப்படி மட்டும் மணந்த கைம்பெண் ஒருவருக்குக் கணவன் சொத்தில் மனைவிக்குரிய பங்கு உண்டு என டர்பன் உயர்நீதிமன்றம் கூறியது 2008இல்தான். இசுலாமியத் திருமணங்களை ஏற்காத சட்டங்கள் செல்லாவென அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல்தான்.

இவற்றிடையே 2000 ஜூன் 7ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று தனித்துக் கருதத்தக்கது. தென்னாப்பிரிக்கரை மணந்த வெளிநாட்டவர் நிலைத்து வாழ உரிமை கோரி விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை தற்காலிக அனுமதி வைத்திருந்தால்தான் உள்நாட்டில் தங்க முடியும் என 1991ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த அனுமதியைத் தருவதும் நீட்டிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். எக்காரணத்தால் மறுக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. மறுக்கப்பட்டால் கணவனோ மனைவியோ பிரிந்து போக வேண்டும். உடன்செல்லப் பொருள் இல்லாதவர்க்கு வேறு வழியில்லை. மணந்தோர் சேர்ந்து வாழ்வது மனித மாண்பின் கூறு. வரையறையற்ற அதிகாரம் அதைக் குலைக்கிறது என்று நீதிபதி கேட் ஓரீகன் எழுதினார். சட்டம் திருந்தும்வரை, தக்க காரணம் காட்டினாலன்றி அனுமதியை மறுக்கலாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

மரியத்தின் வழக்குக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 87 ஆண்டுகள். முன்னதில், தான் மனைவி எனக் காட்ட வேண்டிய சுமை பெண்ணின்மேல் இருந்தது. பின்னதில், பிரிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டிய சுமை அரசின்மேல் ஏற்றப்பட்டது. அரசு எல்லையைக் காக்கும் உரிமையை எந்நீதிமன்றமும் மறுக்கவில்லை. அவ்வுரிமை ஒரு வீட்டின் உள்ளறைவரை நீளும்போது யார் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பதே இந்நெடுங்காலப் பூசலின் பொருள்.

பொருள்வயிற் பிரிவைப் பாடிய மொழி தமிழ். அப்பிரிவில் கார்காலம் வந்தால் தலைவன் திரும்புவான் என்னும் நம்பிக்கையேனும் தலைவிக்கு இருந்தது. அதிகாரி எழுதும் ஒரு வரிக்காகக் காத்திருப்பவளுக்குப் பருவம் இல்லை. அவளைப் பாடும் பணி கவிஞர்க்கு உரியது. பட்டியலில் கணவர் பெயருக்குப் பின்னே நிற்கும் ஒன்பதின்மரின் பெயர்களைத் தேடும் பணி ஆய்வாளர்க்கு உரியது. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள்.